"வேலை கெடச்சா போயிடுவியா?" மேற்படிப்பு நேர்காணலில் கையிலிருக்கும் வேலையைப் பற்றிப் பேசுவது எப்படி

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் காலைப் பேருந்தில் ஒருமுறை எனக்கு முன்னிருக்கையில் ஓர் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மடியில் பிளாஸ்டிக் ஃபைல். ஆல்பேட்டையில் ஆரம்பித்த பேச்சு தவளக்குப்பம் வரை ஓயவில்லை.

"அந்தக் கம்பெனி ஆர்டரப் பத்தி உள்ள கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"தெரியலப்பா."

"இல்லன்னு சொல்லிடு. இருக்குன்னா சீட்டு தரமாட்டாங்க." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே, "இல்லல்ல, இருக்குன்னு சொன்னாதான் நீ கெட்டிக்காரின்னு நெனப்பாங்க" என்றார். இறங்கும்வரை முடிவாகவில்லை.

அவர் சொன்ன இரண்டும் பாதி சரி. எந்த நேர்காணலில் எந்தப் பாதி என்பது தெரியாமல்தான் பிள்ளைகள் உள்ளே போய்த் திணறுகிறார்கள். நான் கல்லூரியில் பாடம் நடத்துபவன். ஆராய்ச்சி மாணவர் தேர்வுக் குழுக்களில் வெளியாளாகச் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். கோடை விடுமுறையில் மஞ்சக்குப்பத்து வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒத்திகை நேர்காணல் வைப்பதுண்டு. மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., எம்.எஸ்சி. சேர்க்கை 2022 முதல் சியுஇடி என்ற பொது நுழைவுத்தேர்வின் வழியே நடக்கிறது. அந்த வழியில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பெரிதாகப் பயன்படாது. பி.எச்டி., எம்.பி.ஏ., ஐஐடி ஆராய்ச்சிப் படிப்புகள், வெளிநாட்டுப் படிப்பு என்று மனிதர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் இடங்களுக்குப் போகிறவர்கள் படிக்கலாம்.

முதல் படி: எதற்காகக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

"வேறு எங்கேயாவது வேலைக்கு முயற்சி பண்றீங்களா?" என்று கேட்கிறவருக்கு உங்கள் விசுவாசத்தைச் சோதிக்கும் எண்ணமெல்லாம் கிடையாது. அவர் மனதில் இருப்பது ஒரே கணக்கு: இந்த இடத்தை இவருக்குக் கொடுத்தால் அக்டோபரில் அது காலியாகிவிடுமா?

இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு பி.எச்டி. விதிகளின்படி ஒரு உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் 4 பேருக்குத்தான் நெறியாளராக இருக்கலாம். இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8. ஒரு மாணவர் தன் ஆய்வை முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அப்படியென்றால் ஒரு உதவிப் பேராசிரியரிடம் ஓர் இடம் காலியாவதே எப்போதோ ஒருமுறை. அதை வாங்கிக்கொண்டு நீங்கள் நான்காம் மாதம் வேலைக்குப் போய்விட்டால், அடுத்த சேர்க்கை வரை அந்த நாற்காலி சும்மா கிடக்கும். உங்களுக்குக் கீழே காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர் அதற்குள் வேறெங்காவது போயிருப்பார்.

நானே அப்படி ஒரு நாற்காலியைக் காலிசெய்தவன். 1998இல் தமிழ்நாட்டின் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நேர்காணலுக்குப் போனபோது வங்கி எழுத்தர் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்தேன். "வேற எதுக்காவது எழுதியிருக்கீங்களா?" என்றார் ஒருவர். "இல்லைங்க சார்" என்றேன், கண்ணைச் சிமிட்டாமல். இடம் கிடைத்தது. தீபாவளி முடிந்து பத்து நாளில் வங்கி ஆணையும் வந்தது. நெறியாளரிடம் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா விருத்தாசலத்துப் பையன் ஒருத்தன எடுத்திருப்பேம்பா" என்றார், அவ்வளவுதான். ஒன்றரை வருடம் கழித்து வங்கியை விட்டுவிட்டு வேறோர் இடத்தில் மறுபடி ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அந்த விருத்தாசலத்துப் பையன் யார், என்ன ஆனான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: உங்கள் நேர்காணல் எந்த வகை?

எம்.பி.ஏ. என்றால் கையில் வேலை இருப்பது பலம். பேருந்திலிருந்த அப்பாவின் இரண்டாவது யோசனை இங்கே பொருந்தும். உங்களை ஒரு நிறுவனம் எடுக்கத் தயாராக இருக்கிறது என்பது, இரண்டு வருடம் கழித்து இன்னொரு நிறுவனமும் எடுக்கும் என்பதற்கு அத்தாட்சி. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை நுழைவுத்தேர்வான கேட் மதிப்பெண்ணைப் பார்த்துக் குழு விவாதத்துக்கும் நேர்காணலுக்கும் அழைத்துவந்திருக்கிறார்கள். (தமிழில் எழுதினால் மேலாண்மைக்கான கேட்டும் பொறியியலுக்கான கேட்டும் ஒன்றாகிவிடுகின்றன. "கேட் எழுதினேன்" என்று வரும் பையனிடம் "எந்தக் கேட்டு?" என்று கேட்பதே என் முதல் வேலை.) அங்கே வரும் கேள்வி "நல்ல வேலையை ஏன் விடுகிறீர்கள்?" என்பதாக இருக்கும்.

பி.எச்டி.யில் தலைகீழ். வேலை ஆணை இங்கே ஓர் அபாய விளக்கு. நெட் என்ற தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கியவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் இல்லாமல் சேரும் முழுநேர ஆய்வாளருக்குக் கிடைப்பது 8,000. குழுவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 37,000 வாங்கப்போகிறவர் "25,000 ரூபாய் வேலை ஒன்று இருக்கிறது" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். 8,000த்துக்குச் சேரப்போகிறவர் அதையே சொன்னால் மூன்று பேனாக்கள் ஒரே நேரத்தில் நிமிரும். ஆகவே ஜேஆர்எஃப் இல்லாதவர் இந்தக் கேள்விக்கு இரட்டிப்பாகத் தயாராக வேண்டும்.

பொறியியல் கேட் எழுதியவர்களின் கதை வேறு. அந்த மதிப்பெண்ணை வைத்து எம்.டெக். சேரலாம். அதையே வைத்துப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். நம் மாவட்டத்து நெய்வேலி என்எல்சியே கேட் மதிப்பெண்ணைப் பார்த்துப் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களை எடுத்திருக்கிறது. எம்.டெக். உதவித்தொகை மாதம் 12,400. பொதுத்துறைச் சம்பளத்துக்கு அது கிட்டவே வராது என்பது ஊருக்கே தெரியும். ஐஐடிகளின் எம்.டெக். அழைப்புகளும் சில பொதுத்துறை நிறுவனங்களின் வேலை அழைப்புகளும் 'கோப்' (COAP) என்ற பொது இணையதளத்தில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. ஏற்று உறுதிசெய், வைத்துக்கொண்டு காத்திரு, மறுத்துவிட்டுக் காத்திரு என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். அமைப்பே "உனக்கு வேறு வாய்ப்பு இருக்கும்" என்று ஒத்துக்கொண்டுதான் நடக்கிறது. அதனால் ஐஐடி ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணலில் பொதுத்துறைக்கு விண்ணப்பித்ததை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மூன்றாம் படி: கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்

இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒத்திகையில் "வேலை இருக்கு சார்" என்று சொல்லும் பத்துப் பேரில் ஐந்து பேரிடம் இருப்பது வேறு ஏதோ. ஆகவே நான் தாளைக் கொடுத்து எழுதச் சொல்வேன்.

நியமன ஆணை கையில் இருக்கிறதா? சேரவேண்டிய தேதி அதில் அச்சாகியிருக்கிறதா? கேம்பஸில் தேர்வானதாக மெயில் மட்டும் வந்து, சேரும் தேதி "பின்னர் அறிவிக்கப்படும்" என்று இருக்கிறதா? ஐடி கம்பெனிகளின் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அதை உறுதியான வேலையாகக் காட்டினால், விவரம் தெரிந்த குழு "ஜாயினிங் டேட் என்ன?" என்று ஒரே கேள்வியில் காற்றைப் பிடுங்கிவிடும். அடுத்தது டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியம் என்று எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது. கடைசியாக, சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் சிப்காட்டில் மேனேஜர், "படிப்ப முடிச்சதும் வரச் சொல்லு" என்றிருக்கிறார். அதை வேலையென்று எழுத வேண்டாம். அது அன்பு.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் சம்பளம், ஊர், கடைசித் தேதி, பாண்ட் உண்டா என்று எழுதுங்கள். பாண்ட் இருந்தால் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதையும் படித்து வையுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு முதல்முறையாக அந்தப் பத்தியைப் படித்தவர்களை நான் அறிவேன்.

நான்காம் படி: பேச்சை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

குழுவின் முன்னால் ஒரு பிள்ளை தடுமாறுகிறது என்றால், பத்துக்கு ஏழு தடவை அதற்கு ஆங்கிலமோ பயமோ காரணமாக இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கு வீட்டில் இன்னும் பதில் கிடைத்திருக்காது. அப்பா வேலை என்கிறார், அம்மா "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அழுகிறார், அக்கா கல்யாணக் கடன் பாக்கி இருக்கிறது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக உள்ளே போகிறவரிடம் "வேலை கிடைச்சா போயிடுவியா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்ல முடியும்?

உட்கார்ந்து ரூபாயில் பேசுங்கள். மாதம் வீட்டுக்கு எவ்வளவு தேவை, உதவித்தொகையில் விடுதியும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும், இரண்டாம் வருடம் யார் என்ன கொடுக்க முடியும். இந்தப் பேச்சு கசப்பாக இருக்கலாம். முடிவு "வேலைக்கே போகலாம்" என்றும் வரலாம். வந்தால் போங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. நேர்காணலுக்கான பேருந்துக் காசு மிச்சம். காலாப்பட்டுக்கு இங்கிருந்து போவது லேசான பயணமும் அல்ல. முள்ளோடையில் தமிழ்நாட்டை விட்டு, புதுச்சேரிக்குள் நுழைந்து, கோட்டக்குப்பத்தில் மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்து, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரிக்குள் போகவேண்டும். மனசும் அப்படியே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால் தாங்காது.

ஐந்தாம் படி: பதிலைக் கட்டுவது

நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிது. முதலில் நிலவரம், அடுத்து முடிவு, கடைசியில் காரணம். இந்த வரிசை மாறக்கூடாது. காரணத்திலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளை "சிறுவயதிலிருந்தே ஆராய்ச்சி என்றால்…" என்று இழுக்கும். கேட்டவர் ஆமா, இல்லை என்ற ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.

வேதியியல் முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. நிலத்தடி நீர் மாசு பற்றி ஆராய்ச்சிசெய்ய வந்திருக்கிறார். நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே பொருளைத் தமிழில் தருகிறேன். முதலில் தமிழில் சரியாகச் சொல்லிப் பழகியவர்களுக்குத்தான் ஆங்கிலத்திலும் சரியாக வருகிறது.

"வேலைக்கு ஏதாவது முயற்சி பண்றீங்களா?"

"ஆமாங்க சார். சிப்காட்ல ஒரு கம்பெனியில ஆர்டர் வந்திருக்கு. ஜூலை 15க்குள்ள சேரச் சொல்லியிருக்காங்க. இங்க இடம் கெடச்சா அன்னிக்கே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன். அங்க என் வேலை, வர்ற சாம்பிளச் சோதிச்சு எண்ணை எழுதறது. அந்த எண் ஏன் அப்படி வருதுன்னு பார்க்கறதுக்கு அங்க நேரம் கிடையாது. எனக்கு அதுதான் வேணும்."

கடைசி மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். வேலையை மட்டம் தட்டவில்லை. அந்த வேலையில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று காட்டுகிறார். "சமுதாயத்துக்குச் சேவை", "அறிவுத் தாகம்" போன்ற சொற்களை நாங்கள் ஒரு நாளில் முப்பது தடவை கேட்டுவிடுகிறோம். முப்பதாவது தடவை கேட்கும்போது மதிய உணவைப் பற்றித்தான் நினைப்போம்.

இதோடு விடமாட்டார்கள். அடுத்த கேள்வி வரும்.

"அங்க எவ்வளவு தர்றாங்க?"

"22,000 சார்."

"இங்க ஜேஆர்எஃப் இல்லாம சேர்ந்தா 8,000 தாம்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார். வீட்ல பேசிட்டோம். அண்ணன் வேலையில இருக்காங்க, ரெண்டு வருஷம் சமாளிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இந்த டிசம்பர் நெட்டுக்கும் படிச்சுக்கிட்டிருக்கேன்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான்காம் படியை அவ்வளவு நீட்டினேன். எண்ணைக் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். "பணம் எனக்கு முக்கியமில்லை சார்" என்பதை யாரும் நம்புவதில்லை. சொல்கிறவரின் முகமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எம்.பி.ஏ. நேர்காணலில் வேறு மாதிரி வரும். இரண்டு வருடம் ஐடியில் இருந்த பையனிடம், "அடுத்த வருஷம் டீம் லீட் ஆகப்போறீங்க, இப்ப ஏன் விடறீங்க?" என்பார்கள். இங்கே வேலையின் மீது மரியாதையோடு பேசவேண்டும். "டீம் லீட் ஆனாலும் வாடிக்கையாளர் கேட்டதைச் செஞ்சு கொடுக்கற பக்கத்துலதான் இருப்பேன். எதைச் செய்யறது, எந்த விலைக்குச் செய்யறதுன்னு தீர்மானிக்கற பக்கம் போகணும்னா கணக்கும் சந்தையும் தெரியணும்" என்று சொன்ன ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். அதன் பிறகு தன் புராஜெக்டில் விலை தவறாகப் போட்ட ஒரு சம்பவத்தை இரண்டு நிமிடம் சொன்னான். மேனேஜரைத் திட்டவில்லை, நைட் ஷிஃப்டைப் பற்றிப் புலம்பவில்லை. வேலை பிடிக்காமல் ஓடிவருகிறவருக்கும் வேலையைத் தாண்டிப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழு ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

இனி எல்லோரும் பயப்படும் கேள்வி. "டிஎன்பிஎஸ்சி எழுதியிருக்கீங்களா? ரிசல்ட் வந்தா போயிடுவீங்களா?"

இதற்கு என்னிடம் மந்திரப் பதில் கிடையாது. கேட்காதவரை நீங்களாகப் போய் எழுதிய தேர்வுகளின் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "எழுதியிருக்கேன் சார், முடிவு வரல" என்பது வரை எளிது. "வந்தா?" என்பதற்கு, போக மாட்டீர்கள் என்றால் அப்படியே சொல்லிவிடலாம். போவீர்கள் என்றால், என் கருத்தில், அதையும் சொல்லலாம்: "வீட்டு நெலமைக்குப் போகவேண்டியிருக்கும் சார். அப்படிப் போனா பகுதிநேரமா மாத்திக்க விதியில வழியிருக்கான்னு உங்ககிட்டயே கேட்டுச் செய்வேன்." சிலர் இதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஆனால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: நெட் மதிப்பெண்ணை வைத்து நடக்கும் பி.எச்டி. சேர்க்கையில், ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்குத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. அந்த 30இலும் பெரும்பகுதி உங்கள் ஆய்வுத் திட்டத்துக்கும் பாட அறிவுக்கும்தான். ஓர் உண்மையான பதிலால் மூழ்கிப்போகிற கப்பலை நான் பார்த்ததில்லை. அடுத்த கேள்வியிலேயே அவிழ்ந்துபோன பொய்களைப் பார்த்திருக்கிறேன்.

"வேற எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க?" என்பது இதே குடும்பத்துக் கேள்வி, ஆனால் லேசானது. சிதம்பரம் அண்ணாமலைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன், சென்னைக்கும் விண்ணப்பித்திருக்கிறேன் என்று பெயரைச் சொல்லிவிட்டு, இங்கே யாருடைய ஆய்வு உங்களுக்குப் பொருந்துகிறது என்று ஒரு வரி சேருங்கள். ஒரே ஓர் இடத்துக்குத்தான் விண்ணப்பித்தேன் என்றால், ஒன்று பொய், இல்லையென்றால் அசட்டுத் துணிச்சல் என்று நினைப்பார்கள்.

பேரம் பேசலாமா?

கூடாது. மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தியாவில் ஆராய்ச்சி உதவித்தொகை அரசு நிர்ணயித்த தொகை. எதிரே இருக்கும் பேராசிரியர் மனசு வைத்தாலும் 37,000ஐ 40,000 ஆக்க முடியாது. "அங்கே இவ்வளவு தருகிறார்கள்" என்பதை ஆயுதமாக எடுத்தால், வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. எம்.பி.ஏ. கல்லூரிகளில் கட்டணச் சலுகை கேட்க வழி இருக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நிதியுதவி பற்றிப் பேச இடமுண்டு. இரண்டிலும் அந்தப் பேச்சு இடம் உறுதியான கடிதம் வந்த பிறகு, எழுத்தில், அலுவலகத்தோடு நடக்கவேண்டியது. நேர்காணல் மேசையில் அதை எடுக்காதீர்கள்.

இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்வது இன்னும் மோசம். "எந்தக் கம்பெனி, எந்தப் பிரிவு, யார் இன்டர்வியூ எடுத்தாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். கடலூர் சிப்காட்டும் புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளும் சேர்ந்தாலும் உலகம் சின்னது. குழுவில் ஒருவரின் பழைய மாணவர் அங்கே வேலையில் இருப்பார்.

வேலையையும் படிப்பையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு

யுஜிசியின் 2022 விதிகள் பகுதிநேர பி.எச்டி.யை அனுமதிக்கின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடம் கொடுக்கிறது, தேவைப்பட்டால் பாடநெறியை (கோர்ஸ் ஒர்க்) முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம். மூன்றாவதைத்தான் தனியார் நிறுவனங்கள் எழுதித் தரத் தயங்கும். ஆகவே நேர்காணலுக்கு முன்பே மனிதவளப் பிரிவில் பேசி, வரைவையாவது வாங்கிக்கொள்ளுங்கள். "கேட்டுப் பார்க்கிறேன் சார்" என்று சொல்கிறவரைவிட, தாளை எடுத்து நீட்டுகிறவருக்கு இடம் சீக்கிரம் கிடைக்கும்.

ஜேஆர்எஃப் வாங்கிக்கொண்டே ஒரு வேலையும் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது முழுநேர உதவித்தொகை. அதை வாங்கும் காலத்தில் வேறு பணி வகிக்க விதி இடம் தருவதில்லை.

ஆறாம் படி: நேர்காணல் முடிந்த பிறகு

இங்கேதான் பெரிய சிக்கல்கள் வருகின்றன. வேலையில் சேரும் தேதி ஜூலை 15, சேர்க்கைப் பட்டியல் ஜூலை இறுதியில். என்ன செய்வது? நேர்காணலின் கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பட்டியல் எப்போது வரும் என்று அங்கேயே கேளுங்கள். அது நியாயமான கேள்வி. கம்பெனிக்கும் எழுதிச் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளித் தர முடியுமா என்று கேட்கலாம். தந்தால் லாபம், மறுத்தால் அப்போது முடிவெடுக்கலாம்.

அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏப்ரல் 15 என்ற தேதியை மனதில் வைக்கவேண்டும். அங்குள்ள பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் பேரவை வகுத்த தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவி அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன்பே பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், வீடியோ நேர்காணலில் "எப்போது சொல்வீர்கள்?" என்று கேட்டாலும் பதறாமல் தேதியைச் சொல்லலாம்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் கட்டணம் போய்விடுமே, சான்றிதழ் மாட்டிக்கொள்ளுமே என்ற பயம் வேண்டாம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்துவைக்கக்கூடாது என்று யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை, 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி சொன்னது: செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகையும் திரும்பும். அதன் பிறகு அக்டோபர் 31க்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பை எடுத்துப் படியுங்கள்.

விலகுவது என்று முடிவானால், உடனே எழுதுங்கள். என் பிள்ளைகளுக்கு நான் தரும் மாதிரி இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஜூலை மாத நேர்காணலில் தங்கள் துறையில் ஆய்வுக்குத் தேர்வானேன். நேர்காணலில் நான் குறிப்பிட்ட பணிக்கான நியமன ஆணை இன்று வந்துள்ளது. குடும்பச் சூழல் காரணமாக அதை ஏற்க முடிவுசெய்துள்ளேன். எனக்கு ஒதுக்கிய இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்கு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அளித்த வாய்ப்புக்கு நன்றி."

"நேர்காணலில் நான் குறிப்பிட்ட" என்ற மூன்று சொற்களை எழுத முடிகிறதா என்று பாருங்கள். அதை எழுத முடிகிறவருக்கு அடுத்த ஆண்டு அதே கதவைத் தட்டுவதில் கூச்சம் இருக்காது. கடிதத்தை நெறியாளருக்கும் துறைத்தலைவருக்கும் சேர்க்கைப் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அது அவருடைய மெயில் பெட்டியில் தூங்கும். வெள்ளிக்கிழமை மாலை வரை ஒத்திப்போடாதீர்கள். அன்று காலையிலேயே அனுப்பினால், அலுவலகம் மூடுவதற்குள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு யாராவது போன் போட்டுவிடுவார்கள்.